வரி நாற்பத்தொன்று

ஃப்ரீஸ்லாந்தில் பிப்ரவரி, இரவு இரண்டு மணி.
கடலைவிடத் தாழ்ந்த நிலம்.
பெய்த மழைக்குப் போக்கிடம் கிடையாது,
யாராவது தூக்கி வெளியே கொட்ட வேண்டும்.
கொட்டுபவை மூன்று பம்புகள்.
பம்புகளோடு பேச ஒரு மொழி,
அவற்றுக்கென்றே செய்தது.
மொத்தம் முப்பத்துநான்கு சொற்கள்.
வணக்கம் சொல்ல முடியாது அதில்,
மன்னிப்புக் கேட்க முடியாது.
திற, மூடு, அள, பொறு.
அப்புறம் ‘அல்ஸ்’.

அல்ஸ் டச்சுச் சொல், இப்படி ஆனால் என்று பொருள்.
நம்மிடம் அது தனிச்சொல்லாக நிற்பதுகூட இல்லை,
வினையின் வாலில் ஒட்டிக்கொள்ளும் ஆல்:
நிறைந்தால், வழிந்தால், உடைந்தால்.
இரண்டுக்கும் ரத்த உறவு இல்லை.
ஒரே ரயிலில் எதிரெதிரே உட்கார்ந்த
ஒரே ஜாடை முகங்கள், அவ்வளவுதான்.

சிட்ஸ்கே ஈரக் காலுறையைக் கழற்றி
ஹீட்டர் மேல் போட்டுவிட்டு எழுதினாள்:
அல்ஸ், கால்வாயை அளந்து வருவது
எல்லையைத் தாண்டினால்,
மூன்றாம் பம்பை ஓட்டு.

கம்பைலர் சொன்னது:
வரி 41. நிபந்தனைக்குள் ஃபங்ஷனை அழைக்கக் கூடாது.

அடைப்புக்குறி ஒன்றைக் கூட்டினாள்.
வரி 41.
இரண்டைக் கழித்தாள்.
வரி 12, வரி 19, வரி 41.
பழைய கோப்பிலிருந்து ஓடுகிற வரியை வெட்டி ஒட்டினாள்,
அங்கே ஓடியது இங்கே ஓடவில்லை.
நாய்க்குச் சொல்லாத வசவு ஒன்றை
திரைக்குச் சொன்னாள்.
வரி 41.
வெளியே மழை, நிபந்தனை ஏதுமில்லாமல்.

பிறகு, அந்த நேரத்தில் எல்லோருக்கும் வருவதுபோல,
அவளுக்கும் ஞானம் வந்தது.
சரிதானே, என்று நினைத்தாள்.
கேள்வி என்று நாம் நினைப்பது
கேட்ட மாத்திரத்தில் செயலாகிவிடலாம்.
அளக்கப் போன கை மதகைத் தட்டிவிடலாம்.
சமையலறையில் ஒருநாள் கெர்பெனிடம்
‘போகப் போகிறாயா?’ என்றாள்,
தெரிந்துகொள்ளத்தான்.
அவன் அதுவரை யோசித்திருக்கவே இல்லை போல.
கோட்டை எடுத்தான்.
நிபந்தனைக்குள் எதையும் அழைக்காதே,
முதலில் அறி, பிறகு முடிவு செய்:
இந்த மொழியைச் செய்தவன் அடிபட்டவன்.

செய்தவன் பெயர் ரூர்ட்.
இப்போது ஹார்லிங்கனில் பேக்கரி வைத்திருக்கிறான்,
இரண்டரை மணிக்கு விழித்திருக்கிற தொழில்.
முதல் மணியிலேயே எடுத்தான்.

‘அதுவா’ என்றான். பின்னால் தட்டு உரசும் சத்தம்.
‘அதை எழுதி முடிக்கவில்லை நான்.
அந்த வாரம் இரட்டைக் குழந்தை பிறந்தது.
அப்புறம் பார்க்கலாம் என்று
ஒரு பிழைச்செய்தியைப் போட்டு வைத்தேன்.
ஒன்பது வருஷமாக யாரும் கேட்கவில்லையே.’
‘கூடாது என்று எழுதியிருக்கிறாய்.’
‘தெரியாது என்று எழுத வெட்கமாக இருந்தது.’

போனை வைத்துவிட்டுக் கொஞ்சம் சிரித்தாள்.
ஹீட்டர் மேல் காலுறை கருகும் வாடை.
ஒரு வரியை இரண்டாக உடைத்தாள்:
மட்டம் என்பது, கால்வாயை அளந்து வந்தது.
அல்ஸ், மட்டம் எல்லையைத் தாண்டினால்.

கம்பைலர் ஒன்றும் சொல்லவில்லை.
சரி என்பதற்கு அதனிடம் சொல் கிடையாது.
தரைக்கு அடியில் மூன்றாம் பம்பு
இருமிக்கொண்டு எழுந்தது,
விளக்கு ஒரு நொடி மங்கியது,
மேட்டுக் கால்வாயில் போய் விழுந்த நீரோடு
யாருடையதோ ஒரு டென்னிஸ் பந்து.

மட்டத்தில் இருக்கிற எண் அளந்தபோதைய எண்.
எல்லையோடு ஒப்பிடுவதற்குள்
நீர் ஒரு நகக்கண் ஏறியிருக்கும்.
அதற்குப் பிழைச்செய்தி எதுவும் வராது.

நாற்பதாம் வரிக்கு மேலே,
கம்பைலர் படிக்காத இடத்தில்,
அடுத்த ஷிப்டுக்கு வரும் யெல்லேவுக்காக எழுதினாள்:
முதலில் அள.
காரணம் தேடாதே, இல்லை.
ரூர்டைக் கேட்டாயிற்று.